கொச்சி யூதர்களின் ஓய்வு நாளும் திருநாட்களும்

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்திற்குச் செல்லும் மக்களை எண்ணி முடித்தவர் இலர். திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்குத் திருவிழா என்றவுடன் நினைவுக்கு வருவது அத்தகைய பெருங்கூட்டமே. அக்கூட்டத்தில் நம்மில் ஒருவர் சேராது வீட்டிலிருந்து விடினும் பரமபத வாசல் திறவாது நிற்கப்போவதில்லை. நத்தர் வலி தர்காவின் சந்தனக்கூடும், நம் மாதா கோயில்களின் கிறிஸ்து பிறப்பு விழாவும் அவ்வாறே. ஆயின், ஒருவர் வாராமையால் பொது வழிபாடே நின்றுபோகக்கூடிய ஒரு சமூகமும் நம் நாட்டில் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்குக் கடற்கரையை அடைவோமாயின், கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் அச்சமூகத்தின் ஜெப ஆலயத்தைக் காணலாம். அங்கே யூதர்கள் ஓய்வு நாளையும் பண்டிகைகளையும் ஒருங்கு கூடிக் கொண்டாடி வந்த விதத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

யூத முறைப்படி பொது வழிபாட்டிற்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பத்துப் பேர் வேண்டும். இத்தொகைக்கு மின்யான் என்பது பெயர். பத்துப் பேர் இல்லாவிடில் ஒருவன் தனியே ஜெபிக்கலாம். ஆனால் நியாயப்பிரமாணச் சுருளைப் பேழையினின்று எடுத்துச் சபை நடுவே முறையாக வாசித்தல் இயலாது. இறந்தோரை நினைந்து மக்கள் சொல்லும் காதீஷ் என்னும் துதியும் சொல்லலாகாது. ஒன்பது பேரும் முதிர்ந்த அறிஞரேயாயினும், பத்தாமவனாக ஒரு சிறுவன் வந்து நின்றாலன்றிக் கணக்கு நிறைவதில்லை. இக்காலத்தில் மேல்நாட்டுச் சபைகள் சில பெண்களையும் இத்தொகையில் சேர்த்து எண்ணுகின்றன. கொச்சியிலோ பழைய வழக்கமே நிலவி வந்தது.

இவர்கள் நம் கரைக்கு வந்த காலத்தைப் பற்றிய கதைகள் பல. கதைகளை விடுத்துச் சாசனத்தை நோக்கின், ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேரமன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த செப்பேடு கிடைத்துள்ளது. அது வட்டெழுத்தில் வரையப்பட்டது. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலியனவாக 72 உரிமைகளும், அஞ்சுவண்ணம் என்னும் வணிகர் பதமும் அதில் அவனுக்கு வழங்கப்படுகின்றன. இவ்வுரிமைப் பெயர்களுக்கு உரைகாரர் துணை நமக்குப் பெரிதும் வேண்டியதில்லை. எபிரெய வேதாகமத்தில் சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலைக் குறிக்கும் துகி என்ற சொல் நமது தோகையே எனக் கால்டுவெல் ஐயர் கருதியதையும் அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

கொடுங்கல்லூரில் வாழ்ந்த இவர்கள் 1524-இல் நேர்ந்த தாக்குதலாலும், பின்னர்ப் போர்த்துக்கீசியரால் விளைந்த இன்னல்களாலும் அவ்வூரை விட்டகன்றனர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை அடுத்தே இவர்களுக்கு இடமளித்தார். அங்கே பரதேசி ஆலயம் 1568-இல் எழுந்தது. 1662-இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்றுப் பின் டச்சுக்காரர் ஆட்சியில் அது செப்பனிடப்பட்டது. அதன் மணிக்கூண்டு 1760-இல் எசேக்கியேல் ராஹபி என்னும் வணிகரால் அமைக்கப்பட்டது. தரையிற் பதித்த நீல வெண்ணிறச் சீன ஓடுகள் கையால் வரையப்பட்டவை. அரண்மனைக் கோயிலும் யூத ஆலயமும் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றின் மேளமும் மற்றதன் பாட்டும் ஒன்றோடொன்று கலந்தொலித்திருக்க வேண்டும். அதனால் இருதரத்தாரும் பூசலிட்டதாக நாம் கேட்டிலோம்.

ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிச் சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றுமளவும் நீடிப்பது. அந்நாளில் நெருப்பு மூட்டலாகாது. ஆதலின் சமையலெல்லாம் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடிந்து, கலங்கள் தணல்மேல் மூடி வைக்கப்படும். இல்லத்தரசி விளக்கேற்றியபின் வேலை ஓய்ந்துவிடும். திராட்சை ரசம் எளிதிற் கிடைக்காத ஊராகையால், உலர்ந்த திராட்சையை நீரில் இட்டு வடித்த சாற்றையே கிண்ணத்தில் ஊற்றி ஆசி கூறுவர். கொச்சி மன்னரின் படையில் யூத வீரரும் இருந்தமையால் சனிக்கிழமைகளில் போர் தொடுப்பதை அவர் தவிர்த்தார் என்று பழைய செய்தி ஒன்று வழங்குகிறது. ஒரு சிறு குடியின் ஓய்வுக்காக ஓர் அரசனின் சேனை காத்திருந்தது என்பது நம்மை வியக்கச் செய்கிறது.

ஓய்வு நாளில் வண்டியேறுதலும் கூடாது. நடையும் ஓர் அளவுக்கு உட்பட்டது. ஆகவே ஆலயத்திற்கு நடந்து செல்லும் தொலைவிலேயே எல்லோரும் குடியிருத்தல் வேண்டும். மட்டாஞ்சேரியில் யூதர் வீடுகள் ஒரே தெருவின் இருமருங்கிலும் நெருங்கி நின்று, தெருக்கோடியில் ஆலயம் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. திருவரங்கத்தில் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் கோயிலைச் சூழ்ந்து குடியிருப்போர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. ஆலயத்தினுள் காலணியின்றிச் செல்லும் வழக்கமும் அவ்வாறே. மேல்நாட்டு யூதர் மேற்கொள்ளாத இதனைக் கொச்சியார் கைக்கொண்டனர். வாசிக்கும் மேடை ஆலய நடுவில் ஒன்றும், பெண்கள் இருக்கைக்கு முன்னே மாடத்தின்மேல் மற்றொன்றுமாக இரண்டு இருப்பது கேரள ஆலயங்களுக்கே உரிய சிறப்பு. ஓய்வு நாளிலும் திருநாட்களிலும் மாடத்து மேடையினின்று வாசிப்பர். பட்டம் பெற்ற ரபீமார் இங்கு இலர்; மூத்தோரும் கற்றோருமே வழிபாட்டை நடத்தினர். பெண்கள் மலையாளத்தில் தமக்கெனப் பாடல்கள் வைத்திருந்து, கைப்பிரதிகளில் எழுதித் தாயிடமிருந்து மகள் பெறுமாறு காத்தனர்.

பண்டிகைகளில் மிகுந்த உழைப்பை வேண்டுவது பஸ்கா. புளிப்பின் துகள் ஒன்றும் வீட்டில் தங்கலாகாது என்பது விதி. மேல்நாட்டு யூதர் பலர் அந்நாட்களில் அரிசியையும் விலக்க, கொச்சியார் அதனை உண்பர். ஆனால் அதற்காக அவர்கள் படும் பாடு பெரிது. ஒவ்வொரு மணியையும் பெண்கள் கையால் ஆராய்ந்து பொறுக்குவர். பண்டிகைக்குரிய பாத்திரங்கள் ஆண்டு முழுதும் தனியே வைக்கப்பட்டிருக்கும். நம் நாட்டு மடி ஆசாரத்தின் சாயல் இதிற் படிந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் கருதுவர். நம் ஊர் அக்கிரகாரப் பாட்டிமார் இதனைக் கண்டிருப்பின் ஆராய்ச்சியின்றியே உறவு கொண்டாடியிருப்பர்.

கூடாரப் பண்டிகைக்கு முற்றத்தில் பந்தலிட்டுத் தென்னங்கீற்றால் வேய்ந்து அதிலிருந்து உண்பர். அதன் முடிவில் வருவதே சிம்ஹத் தோரா என்னும் மகிழ்ச்சித் திருநாள். ஆண்டு முழுதும் வாரந்தோறும் பகுதி பகுதியாக வாசித்து வந்த நியாயப்பிரமாணம் அன்று முடிவுற்று உடனே மீண்டும் தொடங்கும். கொச்சியில் பேழைக்கு முன்னே அந்நாளுக்கென்றே ஓர் அலங்கார மண்டபம் கட்டிப் பட்டுத்துணி போர்த்தி, பொன்னும் வெள்ளியும் பூண்ட உறைகளிலுள்ள சுருள்களை அதில் எழுந்தருளச் செய்வர். ஆலய வாயிலில் எண்ணெய் விளக்குகள் அடுக்கடுக்காக ஒளிரும். பின்பு சுருள்களை ஏந்தி ஆலயத்தைப் புறத்தே வலம் வருவர். சுவாமி புறப்பாட்டைக் காணாத ஒரு யூதன் வேற்றூரிலிருந்து வந்தால் இவ்வலத்தை விளங்கிக் கொள்வது அரிது. திருவரங்கத்தார்க்கோ விளக்கம் வேண்டா.

இவ்வழகிய சித்திரத்தில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பரதேசி ஆலயத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் இருக்கைகளில் அமரவிடப்படவில்லை. சுருளை வாசிக்க அழைக்கப்படவும் இல்லை. ஒரே தேவன், ஒரே வேதம், ஒரே ஓய்வு நாள்; எனினும் இருக்கை மட்டும் வேறு! இவர்களுள் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் என்பார் (1882–1967). சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர்; காங்கிரஸிலும் ஈடுபட்டவர். அவர் சத்தியாக்கிரக முறையை ஆலயத்துக்குள்ளேயே கொணர்ந்து, பல ஆண்டுகள் போராடி, அத்தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். யூதக் காந்தி என அவரை அழைத்தனர். நம் மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்ததை நினைக்குங்கால், தீண்டாமை எந்த மதத்தின் வாயிலையும் எளிதில் விட்டுவைக்கவில்லை என்பது தெளிவாகிறது.

இஸ்ரவேல் நாடு 1948-இல் தோன்றியபோது கொச்சி நாட்டு யூதர் ஏறத்தாழ 2,500 பேர். அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராக அவர்கள் புறப்பட்டுச் சென்றனர். கொடுமைக்கு அஞ்சி ஓடினாரல்லர். தம் ஜெபங்களில் நாள்தோறும் வேண்டிய நாட்டை நாடிச் சென்றனர். பரதேசி ஆலயம் தன் நானூறாம் ஆண்டு நிறைவை 1968-இல் கொண்டாடியபோது பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வருகை தந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. ஆனால் அப்போதே தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வந்தன. காலப்போக்கில் எர்ணாகுளத்து யூதரோ வெளிநாட்டுப் பயணிகளோ வந்து சேர்ந்தாலன்றிப் பத்து நிரம்பாத நிலை ஏற்பட்டது. ஒரு காலத்தில் இருக்கை மறுத்த ஆலயம், பின்னர் எவரேனும் ஒரு யூதர் வருவாரோ என வாயிலைப் பார்த்திருக்க நேர்ந்தது.

சென்னையிலும் யூதர் வாழ்ந்ததுண்டு. பவழமும் வைரமும் விற்ற வணிகர் அவர். 1688-இல் அமைந்த சென்னை நகரசபையில் மூவர் உறுப்பினராயிருந்தனர். வணிகம் மாறவே அவர்கள் கலைந்தனர். பவழக்காரத் தெருவின் பெயரும் சில கல்லறைகளும் எஞ்சின. கொச்சியார் அவ்வாறு கலையாமற் பல நூற்றாண்டு நிலைத்தமைக்கு வாரந்தோறும் பத்துப் பேர் கூடியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

சென்றவர்கள் தம் வழிபாட்டையும் உடன் கொண்டு சென்றனர். நெகேவ் பாலைநிலத்தில் நெவாதீம் என்னும் ஊரில் 1954-இல் குடியேறிய கொச்சியார் தம் பழைய முறையிலேயே ஓர் ஆலயம் அமைத்துள்ளனர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஆலயத்து மர வேலைப்பாடுகள் எருசலேமில் ஒரு பொருட்காட்சிச் சாலையில் இடம்பெற்றுள்ளன. பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்களைக் கேரள அரசு பழுது பார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறது. மட்டாஞ்சேரித் தெருவில் இன்று யூதர் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவர். இருபுறமும் பழம்பொருட் கடைகளே மிகுதி. பரதேசி ஆலயத்தைக் காணச் செல்லும் மாணவர்கள் காலணியை வாயிலில் விடுதல் வேண்டும். சனிக்கிழமையிலும் யூதத் திருநாட்களிலும் பார்வையாளர்க்குக் கதவு திறப்பதில்லை.