மீன் குட்டைக்கு வைட்டமின் மருந்து வேண்டுமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்கு 10 சென்டில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. போன வருஷம் கட்லா, ரோகு, சாதாக்கெண்டை என்று 400 குஞ்சு விட்டேன். நாலு மாதம் கழித்து வலை போட்டுப் பார்த்தால் வளர்ச்சியே இல்லை. கெண்டையில் சிலதுக்கு முதுகு வளைந்து கிடந்தது.

தீவனக் கடையில் சொன்னேன். "அண்ணாச்சி, இது வைட்டமின் டி குறைச்சல். இந்த மருந்தைத் தீவனத்துல கலந்து போடுங்க, எலும்பு நிமிர்ந்துரும்" என்றார்கள். நானும் நம்பினேன். கன்றுக்குட்டியை இளவெயிலில் கட்டினால்தான் கால் உறுதிப்படும் என்று பார்த்து வளர்ந்தவன்தானே! இரண்டு மாதம் போட்டேன். காசு கரைந்தது, மீன் அப்படியேதான் இருந்தது.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். மாட்டுக்கும் நமக்கும் வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. குடலில் இருந்து சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் உடம்புக்குள் இழுக்க அது உதவுகிறது. மீனின் கதை வேறு. சுண்ணாம்புச் சத்தை அது செவுள் வழியாகத் தண்ணீரில் இருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் பாஸ்பேட் மிகக் குறைவு. எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் பெரும்பாலும் இரையில்தான் வந்தாக வேண்டும்.

இதில் வைட்டமின் டியின் பங்கு என்ன? நம் நாட்டு ஆய்வாளர்களே சோதித்திருக்கிறார்கள். நாட்டுக் கெளுத்திக்கு அதைக் கொடுத்தபோது ரத்தத்தில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் ஏறின என்று கோரக்பூர் ஆய்வாளர்கள் 1984இல் எழுதினார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஜிலேபிக் கெண்டையில் சோதித்துவிட்டு, இந்த இரண்டு சத்துகளையும் நடத்துவதில் அதற்கு வேலையே இல்லை என்று 1999இல் சொன்னார்கள். மீனுக்கு மீன் கணக்கு மாறுகிறது. எல்லா மீனுக்கும் ஒரே மருந்து என்று விற்பது எப்படிச் சரியாகும்?

ஹைதராபாத்காரர்கள் 1996இல் இன்னொன்றும் சொன்னார்கள்: மீன் உடம்பில் இருக்கும் வைட்டமின் டி உணவுச் சங்கிலி வழியாக வந்தது. குட்டையில் மிதக்கும் நுண்பாசியும் நுண்பூச்சியும்தான் அந்தச் சங்கிலியின் தொடக்கம். அவை செழித்தால் வைட்டமினும் வரும், பாஸ்பேட்டும் வரும்.

என் தவறு தீவனத்தில் இருந்தது. வெறும் தவிடும் கடலைப்பிண்ணாக்கும்தான் போட்டேன். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி மீனிடம் இல்லை. கெண்டைக்கு இரைப்பையும் கிடையாது, அதனால் எலும்புத்தூளில் உள்ள பாஸ்பரஸையும் அது சரியாகக் கரைத்து எடுக்காது. சாதாக்கெண்டைத் தீவனத்தில் செரிக்கக்கூடிய பாஸ்பரஸ் 0.6 முதல் 0.7 சதவீதம் வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நிற்கும், எலும்பு கோணும். செரிக்காதது கழிவாகி வெளியே வந்து தண்ணீரைக் கெடுக்கும். முதுகு வளைய வைட்டமின் சி குறைவும் ஒரு காரணம். காரணம் தெரியாமல் மருந்து வாங்குவது வீண்.

இந்த வருஷம் முறையை மாற்றினேன். தவிட்டையும் பிண்ணாக்கையும் ஊறவைத்துப் புளிக்கவிட்டே போடுகிறேன்; நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டில் ஒரு பகுதியைத் திறந்துவிடும். அப்புறம் சாணம். பால்கோவா ஊரில் மாட்டுக்கும் சாணத்துக்கும் பஞ்சமா? ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 10 டன் என்பது கணக்கு. என் 10 சென்டுக்கு 400 கிலோ. குஞ்சு விடுவதற்கு 15 நாள் முன்னால் 80 கிலோ கரைத்துவிட்டேன். மிச்சத்தை மாதாமாதம் பிரித்துப் போடுகிறேன்.

அளவு பார்க்கக் கையே போதும். கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தால் சரி. அதற்கு முன்பே மறைந்தால் சாணத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விடியக்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். முழங்கை தாண்டியும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் போடலாம்.

போன வாரம் வலை போட்டேன். மீன் எடை கூடியிருக்கிறது, வளைந்த முதுகு கண்ணில் படவில்லை. குஞ்சும் இந்த முறை வேறு இடத்தில்தான் வாங்கினேன், அதனால் எல்லாம் சாணத்தின் புண்ணியம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம்: மருந்துக் காசு மிச்சம். நீங்களும் பாட்டிலைத் தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை குட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்.