வைஃபையா, பிரவுசரா, கேமா? ஒரு குட்டி ஓஎஸ்ஸில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற ஓஎஸ்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தகவல் அனுப்பினார். பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இது பெரிதாக எதுவும் ஆகப்போவதில்லை என்று அதில் சொல்லியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: உங்களுக்கு என்னென்ன வசதிகள் வேண்டும்? யோசனைகளை வரவேற்கிறேன் என்றவர், அவற்றைச் செய்து தருவேன் என்ற வாக்குறுதியை மட்டும் தரவில்லை.

அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ். நீங்கள் இதை ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், அதன் அடியில் ஓடுவது அந்த லினக்ஸ் கெர்னல்தான்.

டோர்வால்ட்ஸ் கேட்ட கேள்வியை இன்றும் உலகம் முழுக்கப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு குட்டி ஓஎஸ் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள். அடுத்து என்ன சேர்ப்பது? கேட்க எளிமையான கேள்வி. பல திட்டங்கள் பிழைப்பதும் பாதியில் நிற்பதும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

ஹாபி ஓஎஸ்னா என்ன?

விண்டோஸ், மேக் ஓஎஸ் போன்றவற்றின் பின்னால் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஹாபி ஓஎஸ் என்பது ஒருவரோ, ஒரு சிறு குழுவோ ஆபீஸ் முடிந்த பிறகும் வார இறுதியிலும் எழுதுவது. சம்பளம் கிடையாது, டெட்லைன் கிடையாது.

தொடக்கப் பாதை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் கம்ப்யூட்டரை பூட் செய்து திரையில் ஒரு வரி எழுத வைப்பார்கள். பிறகு கீபோர்டு, மெமரியைப் பங்கிடுவது, ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை ஓட்டுவது, ஃபைல்களைச் சேமிப்பது. கடைசியாக, கட்டளைகளை டைப் செய்ய ஒரு ஷெல்.

அதுவரை பாடப்புத்தகமே வழிகாட்டும். ஷெல் வந்ததும் புத்தகம் முடிந்துவிடும். அதற்குமேல் கிராஃபிக்ஸா, நெட்வொர்க்கா, சவுண்டா, யுஎஸ்பியா? அங்கிருந்து சொந்த முடிவுதான்.

‘வைஃபை சேர்த்தா என்ன?’

பார்க்கிறவர்கள் சாதாரணமாகக் கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் வைஃபை சிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வகை சிப்புக்கும் தனி டிரைவர் வேண்டும். அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் தனி. பாஸ்வேர்டு போட்டு இணைய என்கிரிப்ஷன் வேண்டும். அதன் மேல் டிசிபி/ஐபி, முகவரி வாங்க டிஹெச்சிபி, இணையதளப் பெயரை எண்ணாக மாற்ற டிஎன்எஸ். இதெல்லாம் முடித்தால்தான் நெட் ‘கனெக்ட்’ ஆகும். வெப் பக்கம் திறப்பது அதற்கு அடுத்த மலை.

கீபோர்டுகூட அப்படித்தான். பழைய பிஎஸ்/2 கீபோர்டு என்றால் 0எக்ஸ்60 என்ற ஒரே ஒரு போர்ட்டைப் படித்தால் போதும், எந்தக் கீயை அழுத்தினார்கள் என்று தெரிந்துவிடும். அதுவே யுஎஸ்பி கீபோர்டு என்றால், முதலில் யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு டிரைவர் எழுத வேண்டும். அதிலும் யுஹெச்சிஐ, ஓஹெச்சிஐ, இஹெச்சிஐ, எக்ஸ்ஹெச்சிஐ என்று நான்கு வகை. பயன்படுத்துபவருக்கு இரண்டும் ஒரே கீபோர்டு. எழுதுபவருக்கு ஒன்று ஒரு மாலை வேலை, மற்றது பல மாத வேலை.

நம் மொழிக்கு வருவோம். ஆங்கில எழுத்தைக் காட்டுவது சுலபம். 8 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரமுள்ள ஒரு கட்டத்துக்குள் ஓர் எழுத்து, அடுத்த கட்டத்தில் அடுத்த எழுத்து. தமிழுக்கு இந்தக் கட்டம் உதவாது. ‘கொ’ என்பது யூனிகோடில் ‘க’ என்ற எழுத்தாகவும் அதன் பின்னால் ஒரே ஓர் உயிர்க்குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். இதைச் செய்ய டெக்ஸ்ட் ஷேப்பிங் என்ற தனி அடுக்கு தேவை. அதனால்தான் பல குட்டி ஓஎஸ்களில் தமிழ் வரிகள் கட்டம் கட்டமாகவோ, கொம்பு இடம் மாறியோ தெரிகின்றன. ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கப்படும் ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும், ‘இது எனக்கானது இல்லை’ என்று ஒதுங்கும் சிலர் இருக்கிறார்கள்.

லினக்ஸ் எப்படி முடிவெடுத்தது?

டோர்வால்ட்ஸ் முதலில் ஓஎஸ் எழுத உட்காரவில்லை. வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருடன் இணைய ஒரு டெர்மினல் புரோகிராம் எழுதினார். அதில் ஃபைல்களை டவுன்லோடு செய்து சேமிக்கத் தோன்றியது. சேமிக்க டிஸ்க் டிரைவர் வேண்டும். டிஸ்க் இருந்தால் ஃபைல் சிஸ்டம் வேண்டும். ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வந்து, கடைசியில் அது ஓஎஸ் ஆகிவிட்டது. ஃபீச்சர் பட்டியல் எதுவும் இல்லை. தனக்கு அப்போது எது தேவையோ, அதுவே அடுத்த வேலை.

இன்னொரு முக்கியமான முடிவு 1991 டிசம்பரில் நடந்தது. ஜெர்மனியில் ஒருவரிடம் இருந்த கம்ப்யூட்டரில் மொத்தமே 2 எம்பி மெமரி. அதில் லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்ய முடியவில்லை. டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, மெமரி போதாதபோது ஹார்டு டிஸ்க்கைக் கடன் வாங்கிக்கொள்ளும் ‘பேஜிங்’ வசதியை எழுதினார். அவர் கம்ப்யூட்டருக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் மினிக்ஸில் இல்லாத ஒன்று லினக்ஸில் வந்தது, மினிக்ஸ் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அதுவும் ஒரு காரணமானது.

எல்லோருக்கும் பிடிக்கும் என்று யூகித்து எழுதிய வசதி அல்ல அது. உண்மையான ஒருவர், உண்மையான ஒரு வேலையைச் செய்ய முடியாமல் நின்ற இடம். அதனால் எதை எழுத வேண்டும், எப்போது முடிந்தது என்று சொல்ல வேண்டும் என்ற இரண்டுமே தெளிவாக இருந்தன.

அவர் எதை ஒதுக்கினார் என்பதையும் கவனிக்க வேண்டும். இது 386 சிப்புக்கானது, வேறு கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுபோக முடியாது என்று அந்த முதல் தகவலிலேயே சொல்லிவிட்டார். பின்னாளில் அந்த எல்லை உடைந்தது என்பது வேறு கதை. தொடக்கத்தில் அந்த எல்லை இருந்ததால்தான் ஒரு மாணவரால் அதை ஓட வைக்க முடிந்தது.

சேர்த்த வசதி என்றென்றைக்கும் இருக்கும் என்றும் இல்லை. லினக்ஸ் எந்த 386 சிப்பில் பிறந்ததோ, அதற்கான ஆதரவை 2013-ல் வந்த 3.8 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். பழைய சிப்புக்காக வைத்திருந்த கோடு, கெர்னலை மாற்றும்போதெல்லாம் கூடுதல் வேலை வைத்தது. ஒரு ஃபீச்சரைச் சேர்க்கும்போது, அதைப் பல வருடம் பராமரிக்கும் வேலைக்கும் சேர்த்தே சம்மதிக்கிறோம்.

‘வேண்டாம்’ என்றவர் தோற்றாரா?

மினிக்ஸை எழுதியவர் பேராசிரியர் ஆண்ட்ரூ டனென்பாம். 1987-ல் வெளியான அது, மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கான ஓஎஸ். அதைச் சேர், இதைச் சேர் என்று பயனர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் பெரும்பாலும் மறுத்தார். காரணம் நியாயமானது: பெரிதாகிவிட்டால் ஒரு செமஸ்டரில் மாணவனால் படித்து முடிக்க முடியாது.

அந்த மறுப்பில் உருவான இடைவெளியில்தான் லினக்ஸ் வளர்ந்தது. 1992 ஜனவரியில் லினக்ஸின் வடிவமைப்பே காலாவதியானது என்று டனென்பாம் விமர்சிக்க, டோர்வால்ட்ஸ் பதிலடி கொடுக்க, பெரிய வாக்குவாதமே நடந்தது.

யார் சரி? இருவருமே. ஒருவருடைய ஓஎஸ் பாடம் நடத்தப் பிறந்தது, இன்னொருவருடையது தினமும் பயன்படுத்தப் பிறந்தது. நோக்கம் தெளிவாக இருந்ததால் இருவருக்கும் ‘இல்லை’ என்று சொல்வது எளிதாக இருந்தது. நோக்கம் இல்லாதவருக்குத்தான் எல்லா யோசனையும் நல்ல யோசனையாகத் தெரியும்.

பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுப் போன கதை

ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் க்ளிங், ஆப்பிள் நிறுவனத்தில் பிரவுசர் எஞ்சினில் வேலை பார்த்தவர். 2018-ல் போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சையை முடித்த பிறகு, நாள்களை நிரப்ப அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. செரினிட்டி ஓஎஸ் அப்படிப் பிறந்தது. 90-களின் விண்டோஸ் போன்ற தோற்றம், உள்ளே யூனிக்ஸ். இன்னொரு கண்டிப்பான விதியும் உண்டு. வெளியிலிருந்து ரெடிமேட் கோடு எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் தாங்களே எழுத வேண்டும்.

எதைச் சேர்ப்பது என்பதற்கு அங்கே பதில் எளிது. யாருக்கு எதை எழுத ஆர்வமோ, அவர் அதை எழுதலாம். அதனால் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்களைக் காட்ட ஒரு சிறு வியூவரும் வந்தது. பிரவுசர் தெரிந்தவர் வீட்டில் பிரவுசர் சும்மா இருக்குமா? அது வளர்ந்து லேடிபேர்ட் என்ற முழு பிரவுசராகி, 2022-ல் மற்ற ஓஎஸ்களிலும் ஓடத் தொடங்கியது. 2024 ஜூனில் க்ளிங், செரினிட்டி பொறுப்பிலிருந்து விலகி லேடிபேர்டைத் தனித் திட்டமாக்கிக்கொண்டார். ‘எல்லாம் நாமே எழுதுவோம்’ என்ற விதியும் அங்கே தளர்ந்தது. செரினிட்டியை இப்போது மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஃபீச்சர் தன்னைப் பெற்ற ஓஎஸ்ஸைவிடப் பெரிதாகிவிட்டது. இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் பிரவுசர் என்பது ‘இன்னொரு ஆப்’ மாதிரி சேர்க்கக்கூடிய பொருள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணமும் இல்லை.

எல்லை போட்டுக்கொண்டவர்கள்

சிலர் நேர் எதிர்த் திசையில் போனார்கள். கோலிப்ரி ஓஎஸ் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றுக்குள் கிராஃபிக்ஸோடு அடங்கிவிடும். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அந்த அளவுக்கு இருக்கும்! புதிதாக எதைச் சேர்த்தாலும் ‘ஃபிளாப்பியில் இடம் இருக்கா?’ என்று கேட்டுவிடலாம்.

அமெரிக்கரான டெர்ரி டேவிஸ் எழுதிய டெம்பிள் ஓஎஸ்ஸில் 640க்கு 480 பிக்சல் திரை, 16 நிறங்கள், நெட்வொர்க் அறவே கிடையாது. ஸ்கிசோஃப்ரினியாவுடன் வாழ்ந்த அவர், இதைக் கடவுள் தனக்கு இட்ட பணி என்று நம்பினார். 2018-ல் காலமானார். ஓஎஸ், மொழி, கம்பைலர் என எல்லாவற்றையும் தனியாளாக அவர் முடித்ததைப் புரோகிராமர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். வேண்டாம் என்று அவர் ஒதுக்கியவற்றின் பட்டியல் அதற்குப் பெரிய காரணம்.

ஹைக்கூ ஓஎஸ் வேறு மாதிரி எல்லை போட்டது. 2001-ல் கைவிடப்பட்ட பிஓஎஸ்ஸின் பழைய புரோகிராம்கள் இதிலும் ஓட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். என்ன செய்வது என்ற குழப்பம் தீர்ந்தது. பதிலுக்கு, 32-பிட் பதிப்பில் மிகப் பழைய ஜிசிசி 2 கம்பைலரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. முதல் பீட்டா வர 2018 ஆனது.

சரி, எப்படித்தான் முடிவெடுப்பது?

இந்தக் கதைகளிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஐந்து கேள்விகள்:

1. இது யாருக்கு வேண்டும்? ‘எல்லோருக்கும்’ என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். 2 எம்பி மெமரிக்காரர் மாதிரி ஒரு ஆளைக் காட்ட முடிந்தால் நல்லது. அந்த ஆள் நீங்களே என்றால் இன்னும் நல்லது.

2. இது வந்தால் வேறு எதெல்லாம் திறக்கும்? ஒரு நல்ல ஃபைல் சிஸ்டம் வந்தால் பத்து புரோகிராம்கள் வரும். வால்பேப்பர் மாற்றும் வசதி வந்தால் வால்பேப்பர்தான் மாறும்.

3. இதற்கு முன்னால் என்னென்ன வேண்டும்? வைஃபை, யுஎஸ்பி மாதிரி சங்கிலி நீளமா என்று எழுதிப் பாருங்கள்.

4. உடைந்தால் யார் சரி செய்வார்? வேறு ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால், அந்தக் கோடு உங்கள் தலையில்தான்.

5. இதை எழுத எனக்குப் பிடிக்குமா? ஆபீஸ் புராஜெக்ட்டில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஹாபியில் இதுதான் பெட்ரோல்.

இன்னொன்று, யாரும் கேட்காத வசதிகள். கிராஷ் ஆனால் எங்கே ஆனது என்று சொல்லும் டீபக்கர், ஒரே கட்டளையில் பில்ட் ஆவது, புதிதாக வருபவருக்கு ஒரு பக்க வழிகாட்டி. ஸ்கிரீன்ஷாட்டில் இவை அழகாக இருக்காது. ஆனால் இரண்டாவது ஆள் உங்களோடு சேர்வாரா என்பதை முடிவு செய்வது இவைதான்.

ஓஎஸ் எழுதாதவருக்கு இதில் என்ன?

ஒரு ஆப், யூடியூப் சேனல், சின்னக் கடை என்று சொந்தமாக எதையாவது நடத்துபவருக்கு இந்த நெருக்கடி தெரிந்திருக்கும். யோசனை சொல்பவர்களுக்குக் குறைவே இருக்காது. வேலை முடிந்து வந்து மிஞ்சும் இரண்டு மணி நேரம் மட்டும் கூடாது. ஹாபி திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் திறமை இல்லாததால் நடப்பதில்லை. மற்றவர்கள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டு, பிடித்த வேலையே இன்னொரு ஆபீஸ் மாதிரி ஆகும்போதுதான் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிடுகிறார்கள்.

யோசனைகளைத் தாராளமாகக் கேட்டு வாங்கலாம், வாக்குறுதி மட்டும் தரத் தேவையில்லை. 21 வயதில் டோர்வால்ட்ஸ் அதைத்தான் செய்தார்.