கூலிங் கிளாஸ் கொள்முதலில் கவனம்

சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மளிகைக் கடை வாசலிலும் கூலிங் கிளாஸ் தொங்க ஆரம்பித்துவிடும். தென்காசியில் மொத்த வியாபாரம் செய்யும் நானும் விற்றவன்தான். எந்த மாடல் ஓடும் என்பது நம் கையில் இல்லை. நடிகர்களும் பாட்டுக்காரர்களும் போடுவதே ஓடுகிறது.

வட்டக் கண்ணாடியை நாம் காந்தி கண்ணாடி என்போம், தாத்தாக்கள் சரக்கு. அதே வட்டத்தை பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1966-இல் ஒரு படத்தில் நடிக்க மாட்டினார். பிறகு அதுவே அவர் அடையாளமாயிற்று. இங்கிலாந்து அரசு மருத்துவத் திட்டத்தில் கிடைத்த மலிவு பிரேம் மாதிரிதான் அது! உலகத்து வாலிபர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். ரே சார்லஸோ சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அவர் கருப்புக் கண்ணாடி மற்றவர்களுக்கு ஸ்டைல் ஆனது. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹரி (2022-இல் காலமானார்) தங்கச் சங்கிலியும் கருப்புக் கண்ணாடியுமாகவே காட்சி தந்தார்.

ஒரு சீசனில் வட்டக் கண்ணாடி பத்து டஜன் எடுத்தேன். ஆடி முடிவதற்குள் மோகம் போய், ஆறு டஜன் பரணில் தூங்கிற்று. ஆகவே பேஷன் சரக்கைக் கொஞ்சமாக, ரிட்டர்ன் பேசிக்கொண்டு எடுங்கள்.

இன்னொன்று. கருப்பாக இருந்தாலே கண்ணுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்காதீர்கள். இருட்டில் கண்ணின் பாவை விரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கண்ணாடியானால் கதிர் கூடுதலாக உள்ளே போகும். யூ.வி. 400 என்று பில்லிலேயே எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய கண்ணாடிக் கடைகளில் சோதிக்கும் கருவி இருக்கும். சாம்பிள் ஒன்றைக் காட்டிவிட்டு ஆர்டர் போடலாம்.