காமாலை மறைந்தது, வைரஸ் மறைந்ததா?

குரங்கணியிலிருந்து எங்கள் கல்லீரல் நோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தாரிடம், இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் விடை கீழாநெல்லி. மழைக்குப்பின் வரப்போரங்களில் தானே முளைக்கும் சிறுசெடி அது. இலைகளின் கீழே நெல்லியைப் போன்ற சிறு காய்கள் வரிசையாக அமைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. அதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில் கொடுப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம்.

அண்மையில் ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவர் கண்கள் மஞ்சளித்து, வயிறு வீங்கிய நிலையில் எங்களிடம் வந்தார். ஹெபடைட்டிஸ் பி நோய்க்காக இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டவர் அவர். இடையில் அவருடைய அக்காள் மகனுக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தார்கள், சில வாரங்களில் சிறுவன் தேறிவிட்டான். அதைக் கண்ட இவரும் மாத்திரையை நிறுத்திவிட்டுச் செடிக்கு மாறினார். சில மாதங்களில் வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைத் தாக்கியது. “அவனுக்குக் கேட்ட மருந்து எனக்கு ஏன் கேட்கவில்லை ஐயா?” என்று வினவினார். அக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று.

காமாலை ஓர் அறிகுறி

காமாலை என்பது தனி நோயன்று. கல்லீரல் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிகுறி. சிறுவனைத் தாக்கியது ஹெபடைட்டிஸ் ஏ. மாசடைந்த குடிநீராலும் உணவாலும் பரவும் அவ்வைரஸை உடலே வென்றுவிடுகிறது. ஓய்வும் நல்லுணவும் இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் எம்மருந்துமின்றிச் சில வாரங்களில் குணமடைகின்றனர். உடல் செய்த வேலைக்கான புகழ், உடனிருந்த செடியைச் சேர்கிறது.

ஹெபடைட்டிஸ் பி வேறு வகை. அது இரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளில் பரவுகிறது. வயது வந்தபின் தொற்றினால் 100 பேரில் ஏறத்தாழ 95 பேர் தாமாகவே மீள்கின்றனர். பிறக்கும்போது தொற்றினால் ஏறத்தாழ 90 பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. நிலைத்த வைரஸ் பல ஆண்டுகள் காமாலையே காட்டாமல் இருந்து, கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடக்கூடும்.

சென்னையில் எழுந்த நம்பிக்கை

கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்துவிடவில்லை. அதிலுள்ள பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் பொருள்கள் கல்லீரல் உயிரணுக்களைப் பாதுகாப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கின் ஆய்வுக்குழு, வைரஸ் பெருகுவதற்குத் தேவையான நொதியை இச்செடிச் சாறு தடுப்பதாக 1987இல் அறிவித்தது.

மறு ஆண்டு, சென்னையில் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அப்பயன் கிட்டவில்லை. உலக ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், வெற்று மருந்தைவிட இது பயனளிப்பதற்கு உறுதியான சான்றில்லை என்றே முடிவு செய்தது. மருந்துடன் சேர்த்துக் கொடுத்தால் பயன் கூடலாம் என்பதற்குச் சில குறிப்புகள் கிடைத்தாலும், அவற்றை மேலும் சோதிக்க வேண்டும் என்றது.

சோதனைக் குழாயில் நொதியைத் தடுப்பது ஒன்று. மனித உடலில் வைரஸை ஒழிப்பது வேறொன்று. இவ்வைரஸ் தன் மரபுப்பொருளின் ஒரு படியைக் கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள்ளேயே பதுக்கி வைக்கிறது. இன்றைய மாத்திரைகளும் அதை எளிதில் அகற்றுவதில்லை; பெருகவிடாமல் அடக்கி வைக்கின்றன. ஆகவேதான் மாத்திரையை நிறுத்தினால் அது மீண்டும் எழுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காமாலை கண்டால், எந்த வைரஸ் என்பதை முதலில் இரத்தப் பரிசோதனையால் அறியுங்கள்.

• டெனோஃபோவிர், எண்டெகாவிர் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கண்கள் தெளிந்திருப்பது வைரஸ் ஒழிந்ததற்கு அடையாளமாகாது.

• வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி உண்டு.

• கருவுற்ற பெண்கள் தவறாது பரிசோதிக்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்பட வேண்டும்.

• செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அத்தொழிலாளி மீண்டும் மாத்திரை உட்கொண்டு மெல்லத் தேறி வருகிறார். அவருடைய மனைவிக்குத் தொற்றில்லை; தடுப்பூசியும் போட்டாயிற்று. மாத்திரையை நிறுத்தியதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டபோது, நாங்கள் கோபிப்போம் என்று அஞ்சியதாகச் சொன்னார். அந்த அச்சத்துக்கு இடமளித்தது எங்கள் குறை. நாட்டு மருந்து எதை உட்கொண்டாலும் எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம், உங்கள் கல்லீரலைக் காக்க அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.