துளைகள் செய்யும் தொழில்

காலையில் தட்டில் வைத்த இட்லியைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே எண்ணற்ற சிறு துளைகள் தெரிகின்றன அல்லவா? மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் வெளிவிட்ட கரியமில வாயு உண்டாக்கிய துளைகள் அவை. வாயு போய்விட்டது, துளைகள் நின்றுவிட்டன. அவை இருப்பதால்தான் இட்லி சாம்பாரை உறிஞ்சுகிறது.

இட்லியில் வாயு துளையை உண்டாக்கியது. துளையுள்ள பொருளைக் கொண்டு அதே வாயுவைப் பயனுள்ள பொருளாக மாற்ற முடியுமா? முடியும் என்கிறது இரசாயனம்.

அதற்கு ஏன் இத்தனை அவசரம்? 1750-ஆம் ஆண்டு வாக்கில் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்குதான் இருந்தது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்து, 2024-இல் அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

மசியாத வாயு

விறகு எரிந்தபின் கிடைக்கும் சாம்பலை மறுபடியும் எரிக்க முடியுமா? முடியாது. கரியமில வாயுவும் கரி எரிந்து முடிந்த நிலைதான். அதை ஹைட்ரஜனுடன் வெறுமனே கலந்து வைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு தரகர் வேண்டும். அவர்தான் கிரியா ஊக்கி. வினையை விரைவுபடுத்துவார், தாம் செலவாகமாட்டார். தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு மூன்றும் சேர்ந்த சிறு வில்லைகளின் வழியே, மிகுந்த அழுத்தத்தில், 200 முதல் 300 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் இவ்விரு வாயுக்களையும் செலுத்தினால் மெத்தனால் என்ற திரவம் கிடைக்கிறது. பசை, பிளாஸ்டிக், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் தயாரிப்புக்கும் எரிபொருளாகவும் அது பயன்படுகிறது.

துளை எதற்கு?

வினை நடப்பது ஊக்கியின் பரப்பில்தான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள். மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர்! பொடியாக்காமல் உள்ளே நுண்துளைகளை அமைத்தாலும் பரப்பு பெருகும். உலோகமும் கரிமப் பொருளும் பின்னிய ஒருவகைச் சட்டகங்களில், சில கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கிவிடும். அவற்றை உருவாக்கிய சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகியோருக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாயுக்களைப் பிடித்துவைக்கவும், வினைகளை ஊக்கவும் இச்சட்டகங்கள் உதவுகின்றன.

ஒரு கணக்கு

ஐஸ்லாந்து நாட்டில் ஸ்வார்ட்செங்கி என்ற இடத்தில், பூமியின் உள்வெப்பத்தால் இயங்கும் மின்நிலையம் ஒன்று உண்டு. அது வெளிவிடும் கரியமில வாயுவைக் கொண்டு மெத்தனால் செய்யும் ஆலை அங்கே 2012-இல் திறக்கப்பட்டது. 1994-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

ஐஸ்லாந்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 44 கிலோ கரியமில வாயுவும் 6 கிலோ ஹைட்ரஜனும் சேர்ந்தால் 32 கிலோ மெத்தனாலும் 18 கிலோ தண்ணீரும் உண்டாகும். தண்ணீரைப் பிரித்து 6 கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 300 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் தயாரித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகும். அப்படியானால், 44 கிலோவை ஒழிக்க 300 கிலோவைக் காற்றில் விட்டவர்கள் ஆவோம்! ஐஸ்லாந்திலோ மின்சாரம் அருவிகளிலிருந்தும் பூமியின் வெப்பத்திலிருந்தும் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. மெத்தனாலை எரித்தால் பிடித்த வாயு மறுபடி வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக்காக மாற்றினால் நெடுநாள் அதற்குள்ளேயே தங்கும்.

ஆகவே, துளைகள் வினைக்கு இடம் தரும், சக்தி தராது. சக்தியைச் சூரியனும் காற்றும் அருவியும் தரவேண்டும். 'கரியமில வாயுவைப் பொருளாக்கிவிட்டோம்' என்று யாராவது சொன்னால், "ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். நல்ல விஞ்ஞானியும் முதலில் அதைத்தான் கேட்பார்.