ஒற்றைக் கொடுக்கு

நண்டு தின்பதற்காக ஐம்பது கிலோமீற்றர் பிரயாணஞ் செய்தேன் என்று ஒரு தமிழ்ப் பண்டிதன் எழுதினால் முகஞ் சுழிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். “ஐயா சைவம் அல்லவா?” என்று என் வகுப்பு மாணவன் ஒருவனே கேட்டுவிட்டான். சமயத்தால் நான் சைவன். வெள்ளிக்கிழமைகளில் உணவாலும் சைவன். மற்றைய நாள்களில் கடற்கரையிற் பிறந்தவன்.

இப்பிரயாணத்துக்குக் காரணமானவர் என் பழைய மாணவர் ஒருவர். சிங்கப்பூரிற் பல ஆண்டு வேலை பார்த்து, விடுமுறைக்குப் புத்தளம் வந்திருந்தார். அங்கே நண்பர் ஒருவரின் விருந்தில், உணவுப் பட்டியலில் ‘இலங்கை நண்டு’ என்று இருக்கக் கண்டாராம். மிளகாய்க் குழம்பில் மிதந்து வந்த அந்த நண்டு ஒரு கிலோவுக்குக் குறையாது. “ஐயா, நான் களப்புக் கரையில் வளர்ந்தவன். அவ்வளவு பெரிய நண்டை அங்கேதான் முதன்முதற் கண்டேன். அது எங்கள் ஊர் நண்டு என்று பிறர் எனக்குச் சொன்னார்கள். வெட்கமாகப் போய்விட்டது” என்றார். அந்த நண்டை அதன் ஊரிலேயே உண்டு பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. புத்தளத்துக் களப்பிலும் நண்டு உண்டு. ஆயினும் நண்டு என்றாற் சிலாபம் என்பது இந்நாட்டவர் வழக்கு.

சனிக்கிழமை விடியற்காலையில் அவருடைய வண்டியிற் புறப்பட்டோம். பாலாவியின் உப்பளங்களைக் கடந்தால் மதுரங்குளி, அதன்பின் முந்தல். வீதிக்கு மேற்கே முந்தற் களப்பு. அதற்கப்பால் உள்ள மணற்றிட்டில் உடப்பு. உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்கள், நெய்தல் ஏட்டில் மட்டும் உள்ள திணை என்று சொல்லமாட்டார்கள். அன்று அந்தப் பக்கம் திரும்ப நேரம் இல்லை. திரும்பியிருந்தால் நண்டை மறந்து பாட்டெழுதிக்கொண்டு அங்கேயே இருந்திருப்பேன் என்பது மாணவருக்குத் தெரியும்.

வழியில் கண்ணை உறுத்துவன பாழடைந்த இறாற் பண்ணைகள். 1980-களிலிருந்து இக்கரை நெடுகிலும் இறால் வளர்க்கும் மோகம் பரவியது. கண்டற் காடுகளை வெட்டிக் குளங்கள் தோண்டினார்கள். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து இறால்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கைவிடப்பட்ட குளங்கள் பல இன்னும் உவர் பூத்துக் கிடக்கின்றன. கண்டலின் வேர்களுக்கிடையேயுள்ள சேறுதான் களப்பு நண்டின் வீடு. சினைகொண்ட பெண் நண்டு முட்டையைப் பொரிக்கக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் வளர்வதற்குக் களப்பைத் தேடி வரும். வந்த இடத்தில் கண்டல் இல்லையென்றால் அவை எங்கே போகும்? சிலாபத்தை அடுத்த பம்பலையில் 2016 இல் கண்டலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வெட்டியதற்குக் கழுவாய் போலும்.

தெதுறு ஓயாப் பாலத்தைக் கடந்து சிலாபத்தை அடைந்தோம். முதலில் முன்னேசுவரம் சென்று வழிபட்டோம்; வரிசையை மாற்றி நண்டை முன்வைக்க என் மனம் ஒப்பவில்லை. சிலாபம் என்ற பெயரே சலாபம் என்பதன் திரிபு என்பர் ஒரு சாரார். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. இந்தக் கடலின் முத்துக்களும் அந்நாளிற் கப்பலேறிப் பிறநாட்டு மகளிரின் கழுத்துக்கே போயின. கற்பிட்டியில் 1807 இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கை ஊர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் செய்தவர். 1859 இல் தமிழ்ப் புலவர் சரிதத்தை எழுதியவரும் அவரே. அவருடைய பெயரை இம்மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்? இது நண்டுக் கட்டுரை என்பதால் இதனை இத்துடன் விடுகிறேன்.

களப்போரத்தில் ஒரு மீன் வாடி. அங்கிருந்த முதியவர் சிங்களமும் தமிழும் கலந்து பேசினார். நண்டைப் புரட்டி அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே தண்ணீரே மிகுதி. கல்லைப் போல நின்றாற் சதை நிறைந்தது. நிலாக் காலத்து நண்டில் சதை இராது என்று எங்கள் பாட்டி சொல்வதை அவரும் சொன்னார்.

“பெரிய நண்டு இல்லையா, ஐயா?” என்று மாணவர் கேட்டார்.

முதியவர் ஈரச் சாக்கால் மூடிய பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே ஏழெட்டு நண்டுகள். கொடுக்குகளை மடக்கிக் கயிற்றாற் கட்டியிருந்தது. ஒவ்வொன்றும் என் கைவிரிப்பிலும் பெரிது. ஈரம் காயாமல் வைத்தால் நண்டு தண்ணீருக்கு வெளியே சில நாள் உயிரோடு இருக்கும். “இது சிங்கப்பூருக்கு. இரவு விமானம்” என்று மறுபடியும் மூடிவிட்டார். விலை பேச இடமே வைக்கவில்லை. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் 2011 இல் நண்டுக்கென்றே ஓர் உணவகம் திறந்தார்கள். அதன் வாசலில் நிற்பதற்கும் என் சம்பளம் இடங்கொடாது.

மாணவருக்குக் கோபம் வந்துவிட்டது. நம் களப்பின் நல்ல பண்டம் நமக்கு இல்லையா என்றார். முதியவர் சிரித்தார். “தம்பி, ஊர்ச் சந்தை விலைக்கு இதைக் கொடுத்தால் என் மகள் கம்பசுக்குப் போக ஏலாது.” அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

பின்பு அவரே வேறொரு கூடையைக் காட்டினார். நண்டுகள் பெரியவையே, ஆனால் எல்லாம் ஊனம். வலையிலோ சண்டையிலோ ஒரு கொடுக்கை இழந்தவை. இரு கொடுக்கும் இல்லாததை ஏற்றுமதிக்காரர் எடுக்கமாட்டாராம். அதனால் ஊரவருக்கு வாய்ப்பது ஒற்றைக் கொடுக்கு நண்டு. மூன்று வாங்கினோம்.

பக்கத்தில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. அங்கே கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். தேங்காய்ப் பாலில், வறுத்த தூளும் மிளகும் இட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. நண்டுக்கு முருங்கையிலை சேர்ப்பது யார் கண்ட உபாயமோ, அவர் வாழ்க! சோற்றைப் பிசைந்த விரலை நக்காமல் எழுவது பண்டிதனாலும் ஆகாது. ஒரு நாழிகை வரையில் இருவரும் பேசவில்லை. ஓட்டை உடைக்கும் ஓசைதான்.

கைகழுவிய பின் பழைய பாடம் நினைவுக்கு வந்தது. நண்டுக்குத் தமிழில் அலவன், ஞெண்டு என்பவற்றோடு கள்வன் என்றும் பெயருண்டு. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் ‘கள்வன் பத்து’ என்றே ஒரு பத்து இருக்கிறது. கள்வன் என்றால் அங்கே வயல் நண்டு.

“அப்படியானால் இந்தக் கதையிற் கள்வன் யார், ஐயா?” என்று கேட்டார் மாணவர். வாங்குகிறவனா, விற்கிறவனா, கண்டலை வெட்டினவனா என்று எண்ணிப் பார்த்தேன். கம்பசுக்குப் போகும் அந்தப் பெண்ணின் நினைவு குறுக்கே வந்தது. வினாவை மாணவரிடமே விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. முந்தலில் இளநீர் குடிக்க வண்டியை நிறுத்தியபோது, விடுமுறை எப்போது முடிகிறது என்று கேட்டேன்.

“வருகிற வியாழன், ஐயா. இரவு விமானம்” என்றார்.