வைட்ஃபீல்டை வெட்டும் பைதன்

பெங்களூரு மெட்ரோவின் ஊதாப் பாதை கிழக்கே முடியும் இடம் வைட்ஃபீல்ட். உள்ளூரார் இன்னும் ஐடிபிஎல் என்றே சொல்லும் டெக் பார்க்கிலும் அதைச் சுற்றியும் கோட் எழுதும் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் யாராவது அந்த ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டி, பைதனோடு கூடவே வரும் 'ஆர்இ' கருவியில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்' என்று கொடுத்துப் பார்க்கட்டும். சொல் சொல்லாகப் பிரித்துத் தரும் கட்டளை அது. வரும் விடை: வ, ட, ஃப, ல, ட. ஒரே சொல் ஐந்து துண்டு. ஐகாரக் குறி, ஈகாரக் குறி, மூன்று புள்ளிகள் எல்லாமே மாயம்.

காரணம் எளிது. யூனிகோடில் 'வை' ஒரே எழுத்தாக இல்லை. 'வ' தனி, இணைக்கொம்பு தனி. பைதனின் கட்டளை எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. கொம்பும் புள்ளியும் அதற்கு வெறும் 'குறிகள்'; கண்டதும் வெட்டிவிடுகிறது. சைகிட்-லேர்ன் நூலகத்தில் உரையை எண்ணிக்கையாக்கும் கருவி இன்னும் மோசம். இயல்பு அமைப்பில் அது ஒற்றை எழுத்துத் துண்டுகளையும் தள்ளிவிடும். வைட்ஃபீல்டில் மிஞ்சுவது 'ஃப'!

இடைவெளி பார்த்துப் பிரிக்கும் 'ஸ்ப்ளிட்' இந்தப் பாவத்தைச் செய்யாது. ஆனால் "வைட்ஃபீல்டிலிருந்துதான் வருகிறேன்" என்றால் அதற்கு இரண்டே சொல். ஊர், வேற்றுமை உருபு, சொல்லுருபு, தேற்றம் நான்கும் ஒட்டிக்கிடப்பது அதற்குத் தெரியாது. 'வைட்ஃபீல்டு' என்று தேடினால் இது கிடைக்காது. 'டு' இங்கே 'டி' ஆகிவிட்டதே. 'பொற்குடம்' என்பதில் 'பொன்'னைத் தேடுவதும் இதே கதைதான். புணர்ச்சி விதி தெரியாத நிரல் தமிழைப் பாதிதான் படிக்கும் என்பது என் கட்சி. ஏட்டுச்சுவடியில் புள்ளியும் கிடையாது, சொல்லிடைவெளியும் கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. சொல் பிரித்தது இலக்கணமும் பொருளும் தெரிந்து.

இன்றைய ஏஐ மாடல்கள் இலக்கணத்தையே விட்டுவிட்டன. அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டு குறியீடுகளை ஒன்றாக்கு, அதையே திரும்பத் திரும்பச் செய் என்பதுதான் அவற்றில் பல பின்பற்றும் முறை. 1994இல் ஃபிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்கக் கண்டுபிடித்த உத்தி அது. 2016இல் எடின்பரோ ஆய்வாளர்கள் அதை மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். பயிற்சி உரையில் ஆங்கிலமே மிகுந்திருந்தால் ஆங்கிலச் சொற்கள் முழுசாக ஒட்டும், தமிழ் நொறுங்கும். யூடிஎஃப்-8 முறையில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் 10 பைட், தமிழில் 33. துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் சேவைகளில் இந்த நொறுங்கல் நேராக பில்லில் தெரியும். பெங்களூரின் சர்வம் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட சர்வம்-1 மாடலில், இந்திய மொழிச் சொல்லுக்குச் சராசரியாக 1.4 முதல் 2.1 துண்டுதான் ஆகிறது என்று அறிவித்தது.

அதற்கெல்லாம் பெரிய முதலீடு வேண்டும். முதலில் சொன்ன கோளாறுக்கு வேண்டாம். பைதனில் தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரெஜெக்ஸ்' நூலகத்தில் அதே கட்டளை ஊர்ப் பெயரை முழுசாகத் தரும். தமிழ் உரையைத் தொடும் நிரல் எழுதுகிறவர்கள் இன்றே அந்த ஒரு இம்போர்ட் வரியை மாற்றிவிடுங்கள்.